தோட்டத்தில் மூன்று சீமாட்டிகள்: கையால் வரைந்ததா, அச்சில் வண்ணம் தீட்டியதா?

ஏலத்தில் எடுத்த பழைய சட்டத்துக்குள் ஒரு படம். தோட்டத்தில் மூன்று சீமாட்டிகள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சட்டத்தின் முதுகில் ‘நீர்வண்ணம், 19-ஆம் நூற்றாண்டு’ என்று ஒரு சீட்டு. இது அசல்தானா, என்ன விலை பெறும், மங்கிய நிறத்தை மீட்க முடியுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: வெறுந்தாளில் தொடங்கி ஒருவர் பென்சிலாலும் தூரிகையாலும் வரைந்து முடித்த படமா இது, அல்லது தகட்டிலிருந்து அச்சடித்த கோட்டுப்படத்துக்குள் கையால் வண்ணம் நிரப்பியதா? இரண்டாவதாக இருந்தாலும் சீட்டில் எழுதியிருப்பது பொய்யாகாது. பூசியிருப்பது நீர்வண்ணமேதான், காலமும் 19-ஆம் நூற்றாண்டுதான். ஆனால் முதல் வகையில் உலகத்தில் அந்த ஒரு படம்தான் இருக்கும். இரண்டாம் வகையில் அதே படம் அந்தக் காலத்து ஃபேஷன் இதழ்ச் சந்தாதாரர் வீடுதோறும் போயிருக்கும்.

நீங்கள் அனுப்பிய ஒளிப்படத்தை வைத்தே உறுதியாகச் சொல்லக்கூடியது உடையின் காலம். பாவாடை முன்புறம் தட்டையாக விழுகிறது. பின்புறம் மேல்துணியைச் சுருக்கித் தூக்கி, இடுப்புக்குக் கீழே குவித்து, அருவிபோல வழியவிட்டிருக்கிறார்கள். கொண்டை பெரியது, உச்சந்தலையை ஒட்டி நிற்கிறது. தொப்பி சிறியது, நெற்றிப் பக்கம் சரிந்திருக்கிறது. இது 1870-க்கும் 1875-க்கும் இடைப்பட்ட பிரெஞ்சு பாணி. இதற்கு முன்பு பாவாடையை விரித்துப் பிடித்த கிரினோலின் கூண்டு 1856-இல் காப்புரிமை பெற்று, 1860 வாக்கில் சுற்றிலும் மணிபோல விரிந்து நின்றது. அறுபதுகளின் நடுவில் முன்புறம் ஒடுங்கி, துணியெல்லாம் பின்னால் போனது. அந்தப் பின்பாரத்தைத் தாங்கத்தான் பஸ்ல் என்ற திண்டு வந்தது. 1876-க்குப் பிறகு உடை உடலை ஒட்டி ஒடுங்கிவிட்டது. 1883 வாக்கில் பஸ்ல் திரும்பி வந்தபோது அது அருவியாக வழியவில்லை. முதுகுக்குக் கீழே அலமாரித் தட்டு நீட்டினாற்போல விறைப்பாக நின்றது. உங்கள் படத்தில் இருப்பது முதலில் வந்த, அருவியாக வழியும் பஸ்ல்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. உடையின் காலம் படத்தின் காலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆங்கில ஓவியர் கேட் கிரீனவே 1870-களின் இறுதியிலிருந்து வரைந்த நீர்வண்ணங்களில் தோட்டத்துப் பெண்களும் சிறுமிகளும் எழுபது எண்பது ஆண்டுக்கு முந்தைய உயர்ந்த இடுப்பு உடைகளைத்தான் அணிந்திருப்பார்கள். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பல ஓவியர்களுக்குப் பழைய காலத்து உடை அலங்காரம் விருப்பமான பொருள். ஆகவே உடையை வைத்துச் சொல்லும்போது ‘இதற்கு முன்பு இருக்க முடியாது’ என்பது உறுதி. ‘இதற்குப் பின்பு இருக்க முடியாது’ என்பதற்கு வேறு சான்று வேண்டும். உங்கள் படத்தில் அந்தச் சான்று மூவரும் நிற்கும் விதத்திலேயே இருக்கிறது.

இடப்பக்கம் நிற்பவர் நமக்கு முழு முதுகையும் காட்டி நிற்கிறார். நடுவில் இருப்பவர் இரும்பு நாற்காலியில் முக்கால் பக்கமாக உட்கார்ந்திருக்கிறார். வலப்பக்கத்தவர் மடக்கிய வெயில்குடையை ஊன்றியபடி நேர்முகமாக நிற்கிறார். பேசுகிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் பார்வையைப் பின்தொடர்ந்து பாருங்கள், யாருடைய கண்ணும் யாருடைய கண்ணையும் சந்திக்கவில்லை. தெரியும் முகங்களெல்லாம் ஒரே முகம். ஓர் உடையின் முன்புறம், இன்னொன்றின் பக்கவாட்டு, மூன்றாவதின் பின்புறம் ஆகிய மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகவே அவர்களை அப்படி நிறுத்தியிருக்கிறார்கள். தையல்காரருக்கு முதுகுப் பக்கத்து மடிப்பு தெரியாமல் உடை வெட்ட முடியாது, அதுவும் அழகெல்லாம் பின்புறத்தில் குவிந்திருந்த அந்த ஐந்தாறு ஆண்டுகளில். பேச்சும் தோட்டமும் அதற்குக் கிடைத்த காரணம். இதுதான் பாரிஸ் ஃபேஷன் இதழ்களோடு வந்த வண்ணத்தாளின் அமைப்பு. அந்தத் தாள்கள் வரப்போகும் பருவத்து உடையைக் காட்ட வந்தவை. பழைய உடையைக் காட்டி அவர்களுக்குப் பயனில்லை. உங்களுடையது அந்த வகை என்று உறுதியானால், உடையின் ஆண்டுதான் படத்தின் ஆண்டும்.

இந்தத் தாள்களை வரைந்தவர்கள் யாரோ எவரோ அல்லர். அலெக்சாந்தர் கொலான் என்ற பாரிஸ் ஓவியரின் மகள்கள் எலோயீஸ் லெலுவார், அனாயீஸ் துதூஸ், லோர் நொயேல் மூவரும் இந்தத் துறையில் வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்கள். மூவருக்கும் முறையான ஓவியப் பயிற்சி இருந்தது, வரைந்தது நீர்வண்ணத்தில். ழூல் தாவித் என்பவர் ‘லெ மோனித்தர் த லா மோத்’ இதழுக்கு 1843 முதல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வரைந்தார். லண்டனில் பீட்டன் என்ற பதிப்பாளர் நடத்திய பெண்கள் இதழ் 1860 முதல் தாவித்தின் தாள்களைப் பாரிஸிலிருந்தே தருவித்தது. அதனால் கீழே ஆங்கில வாசகம் இருப்பதைப் பார்த்து ஆங்கிலேயப் படம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ‘வெறும் ஃபேஷன் தாள்’ என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காக ஒன்று சொல்கிறேன்: பிரெஞ்சு ஓவியர் போல் செசான் 1871 வாக்கில் ‘லா மோத் இல்லுஸ்த்ரே’ இதழின் இத்தகைய தாள்களைப் பார்த்து எண்ணெய் ஓவியங்கள் தீட்டியிருக்கிறார். இவ்வகைப் படங்களில் நிற்பதும் உட்கார்வதும் எவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆக, உங்களிடம் இருப்பது மூன்றில் ஒன்று: இதழோடு வந்த, கையால் வண்ணம் தீட்டிய அச்சுத்தாள், அந்தத் தாளுக்காக ஓவியர் வரைந்த மூலப்படம், அல்லது இதழோடு தொடர்பில்லாத தனி ஓவியம். என் கணிப்பு முதலாவது. ஆனால் நீங்கள் அனுப்பிய ஒளிப்படத்தை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நகைக்கடையிலும் கடிகாரக் கடையிலும் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்ப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். ஒரு சிறு டார்ச்சும் வேண்டும். படத்தைச் சட்டத்திலிருந்து எடுக்கும்போது முகப்பு மேலே இருக்கும்படி மேசையில் வைத்து, முதலில் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள்; இழுத்தால் வண்ணம் கண்ணாடியோடு போய்விடும். ஒட்டவில்லை என்றால் எடுத்து, பச்சைப் பகுதிகளைத் தொடாமல் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து மரகதப் பச்சை ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்தது. பார்ப்பதால் தீங்கு இல்லை. தேய்ப்பதும், பார்த்தபின் கை கழுவாமல் சாப்பிடுவதும் கூடாது.

முதலில் லென்ஸை வைக்க வேண்டிய இடம் கன்னமும் கழுத்தும். எஃகுத் தகட்டு அச்சு என்றால் அங்கே மிகச் சிறிய கரும்புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருக்கும். நிழல் கூடக்கூட புள்ளிகள் நெருங்கும். பாவாடை மடிப்பில் புள்ளிகளுக்குப் பதில் இணைகோடுகள். ஒவ்வொரு கோடும் ஊசிமுனைபோலத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி ஊசிமுனையாக முடியும். வானம் அளவுகோல் வைத்து இழுத்தாற்போல ஒரே இடைவெளியுள்ள கோடுகளாக இருக்கும். அச்சு மை எண்ணெய் மை; மேலே நீர்வண்ணம் ஏறினாலும் கரையாது. ஆகவே கோடு துளியும் கலங்காமல் கூர்மையாக நிற்க, வண்ணம் மட்டும் அரை மில்லிமீட்டர் அங்கும் இங்கும் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். வண்ணம் தீட்டியவர்கள் பட்டறையில் கூலிக்கு வேலை செய்த பெண்கள். ஒருவர் நீலம் தீட்டி அடுத்தவரிடம் தள்ள, அவர் சிவப்பைத் தீட்டித் தள்ளுவார். பெரிய பரப்புகளுக்கு ஸ்டென்சில் வைத்தார்கள். ஸ்டென்சில் வைத்த இடத்தில் விளிம்பில் வண்ணம் மெல்லிய வரப்பாகக் கட்டி நிற்கும். கறுப்புப் பட்டு, கருநீலப் பட்டு ஆகியவற்றின் மடிப்புகளில் பளபளப்புக்காக வேல மரப் பிசினை மேலே பூசியிருப்பார்கள். தாளைச் சாய்த்தால் அந்த இடம் மட்டும் ஈரம்போல மின்னும். பிசின் நீர்வண்ணத்தைப் பிணைக்கும் பொருளும்கூட. அதனால் மினுக்கம் மட்டும் எதையும் நிரூபிக்காது, கோட்டோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பென்சில் கோடு இதற்கு நேர்மாறு. லென்ஸில் அது கோடாகவே தெரியாது. தாளின் மேடுகளில் ஒட்டிய சாம்பல்நிறத் துகள்களாகத் தெரியும், பள்ளங்கள் வெள்ளையாக இருக்கும். டார்ச்சைத் தாழ்வாகப் பிடித்தால் பென்சிலின் கிராஃபைட் வெள்ளியாக மினுங்கும். பலர் ஏமாறும் இடம் இதுதான்: கல்லில் வரைந்து அச்சடிக்கும் கல்லச்சில் கிரேயான் கோடும் இதேபோலத் துகள்துகளாக இருக்கும். ஆனால் அது தடித்த கறுப்பு, எந்தச் சாய்விலும் மினுங்காது. அச்சில் திருத்தம் இருக்காது, பென்சிலில் இருக்கும். விரல்கள், வெயில்குடையின் முனை, நாற்காலிக்கால் ஆகியவற்றைச் சுற்றிப் பாருங்கள். முதலில் ஓரிடத்தில் போட்டு, பிறகு சற்றே நகர்த்தி வரைந்த இரட்டைக் கோடு கிடைத்தால் அது வரைந்தவர் யோசித்த தடம்.

எனக்குக் கடைசி வார்த்தை சொல்வது லேஸ் என்ற நூல்பின்னல். கழுத்திலும் மணிக்கட்டிலும் வெள்ளை லேஸ் இருக்கிறதல்லவா, அங்கே லென்ஸை வைத்து, டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து ஒளியைப் பக்கவாட்டில் அடியுங்கள். வண்ணம் தீட்டிய அச்சில் லேஸ் என்பது வண்ணம் படாத வெறுந்தாள். அதன் மேல் பூ வேலைப்பாடு கறுப்புக் கோடாக அச்சாகியிருக்கும். ஒளி தட்டையாக வழுக்கிப் போகும். கையால் வரைந்த படத்தில் உடையின் நிறத்தை முதலில் பூசிவிட்டு, அதன் மேல் வெள்ளையைக் கெட்டியாகக் குழைத்து, ஒற்றைமுடித் தூரிகை நுனியால் புள்ளி புள்ளியாக வைத்திருப்பார்கள். பக்கவாட்டு ஒளியில் ஒவ்வொரு புள்ளியும் கடுகளவு மேடாகி, தனக்கென்று ஒரு நிழலைப் போடும். சில இடங்களில் புள்ளி உதிர்ந்து அடியில் உடையின் நிறம் தெரியும். சில ஓவியர்கள் வெள்ளை வைக்காமல் கத்திமுனையால் வண்ணத்தைச் சுரண்டித் தாளின் வெள்ளையை வெளிக்கொண்டுவருவார்கள். அங்கே நார் சிலிர்த்து நிற்கும். மேடோ நாரோ கிடைத்தால், முகத்தில் அச்சுப் புள்ளிகளும் இல்லையென்றால், கையால் வரைந்தது என்று நம்பலாம். மேடு மட்டும் கிடைத்து அச்சுக் கோடும் இருந்தால், அச்சுத்தாளுக்கு யாரோ கூடுதலாக வெள்ளை வைத்து அழகுபடுத்தியிருக்கிறார்கள்.

பிற்கால நகல்களை வேகமாகக் கழித்துவிடலாம். சிவப்பு, மஞ்சள், நீலப் புள்ளிகள் சிறு பூப்போல வட்டமாக ஒழுங்குபட்டுத் தெரிந்தால் அது இருபதாம் நூற்றாண்டு ஆப்செட் அச்சு. ஒழுங்கில்லாமல் தூவிய நுண்புள்ளிகள் என்றால் இங்க்ஜெட். பல நிறங்களில் கையால் குத்தியதுபோல ஒழுங்கற்ற பெரும் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பலவண்ணக் கல்லச்சு. அது 19-ஆம் நூற்றாண்டாகவே இருக்கலாம், ஆனால் தூரிகை படாதது.

கையால் வரைந்ததுதான் என்று தேறினால் அடுத்த வேலை, இது இதழுக்கான மூலப்படமா என்று பார்ப்பது. உருவங்களின் எல்லைக்கோட்டின் மேல் ஒளியைச் சாய்த்துப் பார்க்கும்போது, மழுங்கிய ஊசியால் அழுத்திய பள்ளம் தெரிகிறதா பாருங்கள். தகடு செதுக்குபவருக்காகப் படியெடுத்த தடம் அது. ஓரத்தில் துணியின் பெயரோ நிறத்தின் பெயரோ பென்சிலில் கிறுக்கியிருக்கலாம். பின்னணி மரங்களை இரண்டு மூன்று பூச்சில் விட்டுவிட்டு, உடையின் பொத்தான்களை மட்டும் எண்ணி வரைந்திருப்பார்கள். அச்சேறிய தாள் கிடைத்து ஒப்பிட்டால், இடமும் வலமும் மாறியிருக்கக்கூடும். அதைப் பார்த்து வேறு படம் என்று விட்டுவிட வேண்டாம். அச்சுத்தாளாக இருந்தால் கீழே இதழின் பெயர், எண், உடை தைத்த கடையின் முகவரி எல்லாம் இருந்திருக்கும். சட்டம் போட்டவர்கள் அதை அனேகமாக வெட்டிவிடுவார்கள், அல்லது மவுண்ட் என்ற, படத்தைச் சுற்றி ஜன்னல்போல வெட்டி வைக்கும் அட்டைக்கு அடியில் மறைத்துவிடுவார்கள். மவுண்ட்டைத் தூக்கிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். கையொப்பம் இருந்தால் அதற்கும் லென்ஸ்: அது படத்தின் கோடுகளைப் போலவே அச்சாகியிருந்தால் ஓவியரின் பெயர் தகட்டிலேயே செதுக்கப்பட்டது. அழுக்கின் மேலும் பழுப்பின் மேலும் ஏறி உட்கார்ந்த கையொப்பம் பிறகு சேர்த்தது.

தாளையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ‘வாட்மேன்’ என்ற இங்கிலாந்துத் தாள் தயாரிப்பாளரின் பெயர் நீரெழுத்தாகவும், அதோடு ஆண்டும் தெரிந்தால் நல்ல செய்தி. இங்கிலாந்துத் தாள்களில் 1794 முதல் ஆண்டு பொறிக்கும் வழக்கம் பரவியது. அந்த ஆண்டு கீழ் எல்லை மட்டுமே, தாளை வாங்கி வைத்துப் பத்தாண்டு கழித்தும் வரைந்திருக்கலாம். ரூபாய் நோட்டு சோதிக்கும் யூவி டார்ச்சை இருட்டறையில் அடித்து, தாள் முழுவதும் வெள்ளை வேட்டிபோல நீலமாகப் பளீரென்றால் தாளில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. அது 1950-க்குப் பிந்தைய தாள். லேஸின் வெள்ளை மட்டும் மஞ்சள்கலந்த பச்சையாக ஒளிர்ந்தால் துத்தநாக வெள்ளையாக இருக்க வாய்ப்பு அதிகம். வின்சர் அண்ட் நியூட்டன் என்ற வண்ணத் தயாரிப்பு நிறுவனம் அதைச் ‘சைனீஸ் ஒயிட்’ என்ற பெயரில் 1834-இல் நீர்வண்ணமாகக் கொண்டுவந்தது. மாறாக, வெளிச்சம் விழும் மூக்கு நுனியும் லேஸும் கரிபூசியதுபோலச் சாம்பலாகியிருந்தால் அது ஈய வெள்ளை. காற்றிலுள்ள கந்தக வாயு அதைக் கறுப்பாக்கிவிடும். பழைய படங்களைப் பேணிச் செப்பனிடப் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் இதை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்கவைக்க முடியும். வீட்டில் செய்யக்கூடிய வேலை அன்று.

இனி மங்கல். உங்கள் தோட்டத்து மரங்கள் நீலமாக இருப்பதாகச் சொல்லி, ஓவியர் மாலை நேரத்தைக் காட்டுகிறாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. அந்தக் காலத்தில் இலைப்பச்சையைப் பெரும்பாலும் நீலத்தையும் மஞ்சளையும் கலந்து உண்டாக்கினார்கள். காம்போஜ் என்ற மஞ்சள் பிசின் ஒளியில் வெளுத்துப்போனால் மரம் நீலமாக நிற்கும். நீலத்துக்கு அவுரியைப் பயன்படுத்தி, வெளுத்தது அவுரியாக இருந்தால் மரம் பழுத்த மஞ்சளாகும். கொச்சினியல் பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன் இன்னும் பலவீனமானது; ரோஜாநிற உடை வெள்ளை உடையாகிவிடும், கன்னத்துச் சிவப்பு காணாமல் போகும். ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு அறிவியலாளர்கள் 1888-இல் இங்கிலாந்தில் வெளியிட்ட அறிக்கை, நீர்வண்ணங்களை ஒளி இப்படித் தின்கிறது என்பதைச் சோதித்துக் காட்டியது. போன நிறம் திரும்பாது. எந்தப் பாதுகாப்பாளராலும் முடியாது. மேலே புதிதாகத் தீட்டித் தருகிறேன் என்பவரிடம் படத்தைக் கொடுக்காதீர்கள். ஆனால் பழைய நிறத்தைப் பார்க்க ஒரு வழி உண்டு. மவுண்ட்டுக்கு அடியில் மறைந்திருந்த விளிம்பில் ஒரு விரற்கடை அகலத்துக்கு ஒளி படாத பட்டை இருக்கும். அங்கே மரம் பச்சையாகவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் மாலை நேரம் ஒரு நண்பகல்.

செய்யக் கூடாதவை சில. நீர்வண்ணமா என்று பார்க்க ஈரத்துணியால் தொடுவது, அழுக்கைப் பிரெட் துண்டால் தேய்ப்பது, பழுப்புப் புள்ளிகளை பிளீச்சிங் திரவத்தால் வெளுப்பது, கிழிசலைச் செலோடேப்பால் ஒட்டுவது, நேராக்கவேண்டும் என்று லேமினேட் செய்வது. இதில் எதைச் செய்தாலும் சேதம் நிரந்தரம். செய்ய வேண்டியது சட்டத்தை மாற்றுவது. பழைய மவுண்ட் அட்டையின் அமிலம் ஜன்னல் விளிம்பு நெடுகப் பழுப்புக் கோட்டை எரித்திருக்கும். பின்னால் அடித்த மரப்பலகையும் தன் கணுக்களைத் தாளில் கறையாகப் பதிக்கும். இரண்டையும் எடுத்துவிட்டுப் பருத்தியால் செய்த அமிலமற்ற அட்டையைப் போடச் சொல்லுங்கள். தாளை அட்டையோடு முழுக்க ஒட்டாமல், மேல்விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பான் தாள் கீற்றுகளைக் கோதுமை ஸ்டார்ச் பசையில் ஒட்டித் தொங்கவிட வேண்டும். மழைக்காலத்தில் தாள் விரியும், வெயிலில் சுருங்கும், நான்கு பக்கமும் ஒட்டினால் அலையலையாக எழும்பும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே குறைந்தது மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அருங்காட்சியகங்கள் நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் ஒளிக்கு மேல் அனுமதிப்பதில்லை. அதாவது சன்னலுக்கு எதிர்ச்சுவர் கூடாது, படத்துக்கு நேராக ஸ்பாட் லைட் கூடாது. சென்னைபோன்ற கடலோர ஊர் என்றால் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். உட்சுவரில், சட்டத்தின் கீழ்மூலைகளில் இரண்டு கார்க் துண்டுகளை ஒட்டி, பின்னால் காற்றோட்டம் விட்டு மாட்டுங்கள். ஆண்டுக்கு இருமுறை இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பழைய பசையும் தாளும் விருப்ப உணவு.

விலைக்கு நான் ஓர் எண் சொன்னால் அது ஊகமாகத்தான் இருக்கும், அதனால் சொல்லவில்லை. வண்ணத்தாள் என்றால் எளிய விலை, மூலப்படம் என்றால் பல மடங்கு, ஓவியரின் பெயர் நிலைநாட்டப்பட்டால் இன்னும் அதிகம் என்ற வரிசை மட்டும் நிச்சயம். லென்ஸைக் கைப்பேசிக் கேமராவின் மேல் வைத்து நான்கு படங்கள் எடுத்து அனுப்புங்கள்: நடுவில் உட்கார்ந்திருப்பவரின் கன்னம், முதுகைக் காட்டி நிற்பவரின் பாவாடை மடிப்பு, பக்கவாட்டு ஒளியில் மணிக்கட்டு லேஸ், மவுண்ட்டைத் தூக்கிய பின் கீழ்விளிம்பு. அவை தெளிவாக இருந்தால், அச்சா கையா என்பதைத் தயக்கமில்லாமல் சொல்லிவிடலாம். யார் வரைந்தது என்பதற்குக் கீழ்விளிம்பில் பெயர் மிஞ்சியிருக்க வேண்டும்.